ஒரு 4கே தொலைக்காட்சியின் அப்ஸ்கேலிங்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த நான்கு மாதங்களாக ஒரு 55 அங்குல 4கே தொலைக்காட்சியைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் நிறம், ஒலி, செயலிகள் திறக்கும் வேகம் ஆகியவற்றை இங்கே மதிப்பிடப் போவதில்லை. 4கே தரத்தில் இல்லாத ஒரு படத்தை வாங்கித் தன் திரை முழுவதற்கும் விரித்துக் காட்டும்போது இந்தப் பெட்டி அந்தப் படத்தை என்ன செய்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். செய்தி, விளையாட்டு, பழைய திரைப்படம், டிவிடி, இணையக் காணொளி என்று வீட்டில் நாம் பார்ப்பவற்றுள் பெரும்பகுதி இன்னும் 4கே தரத்தில் வருவதில்லை என்பதால், அட்டைப்பெட்டியின் மேல் ஒரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் அப்ஸ்கேலிங் என்ற அந்தத் திறன்தான் நாள் முழுவதும் உழைக்கிறது. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. குறை சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றிலும் இதே நடத்தையைக் காணலாம் என்பது மற்றொரு காரணம்.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். முதல் இரண்டு வாரங்கள் நான் எடுத்த குறிப்புகள் அனைத்தும் வீண். சாதாரண தரத்தில் வரும் அலைவரிசைகள் மங்கலாகவும் எழுத்துகளின் விளிம்புகள் அரித்தாற்போலவும் தெரிந்தன. பழைய பெட்டியில் இதைவிட நன்றாக இருந்ததே என்று எரிச்சலுடன் எழுதி வைத்தேன். பிறகு ஒரு நாள் ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தியபோது, திரையின் மேல்பக்கத்தில் உள்வரும் சமிக்ஞையின் அளவு 3840×2160 என்று காட்டியது. அப்போது ஓடிக்கொண்டிருந்ததோ ஒரு பழைய, சாதாரண தர அலைவரிசை. செட்டாப் பாக்ஸின் வெளியீடு 2160பி, அதாவது 4கே, என்று அமைக்கப்பட்டிருந்ததால், எல்லாப் படத்தையும் அந்தச் சிறிய பெட்டியே தன்னிடமிருந்த எளிய முறையில் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறது. தொலைக்காட்சிக்கு அது ஏற்கெனவே 4கே. அது கை வைக்கவே இல்லை. இரண்டு வாரம் நான் திட்டியது வேறொருவர் செய்த வேலையை.

எனவே அப்ஸ்கேலிங் பற்றி எவரேனும் கருத்துச் சொன்னால் நான் இப்போது முதலில் கேட்பது, படத்தைப் பெரிதாக்கியது எது என்பதைத்தான். செட்டாப் பாக்ஸ், இணையக் காணொளிக்காகத் தொலைக்காட்சியில் செருகும் குச்சி, டிவிடி பிளேயர், தொலைக்காட்சி ஆகிய எதுவும் இந்த வேலையைச் செய்யக்கூடும். சங்கிலியில் முதலில் செய்வது எதுவோ அதன் தரமே இறுதித் தரம். டிவிடி பிளேயர் 576 வரிகளை 1080 ஆக்கி, தொலைக்காட்சி அதை 2160 ஆக்கும் இரட்டை வேலையும் நடக்கும். முதல் கட்டத்தில் சேர்ந்த பிசிறை இரண்டாம் கட்டம் உண்மையான விவரம் என்று நம்பிக் கூர்மையாக்கிவிடும். என் செட்டாப் பாக்ஸில் வெளியீட்டை, மூலம் எந்த அளவில் வருகிறதோ அந்த அளவிலேயே அனுப்பும்படி மாற்றினேன். அலைவரிசை மாற்றும்போது திரை ஓரிரு வினாடி கறுத்து மீள்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அதற்கு முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் கிடைத்த தெளிவு, படத் தரத்துக்கான பட்டியலில் உள்ள வேறு எந்த அமைப்பாலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்ஸ்கேலிங் என்பது கூடுதல் வசதி போல விளம்பரப்படுத்தப்பட்டாலும், அது இல்லாமல் ஒரு 4கே தொலைக்காட்சி இயங்கவே முடியாது. திரையில் 3840×2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள் (புள்ளிகள்) உள்ளன. முழு எச்டி படத்தில் இருப்பவை சுமார் 20.7 லட்சம், 576 வரிகள் கொண்ட டிவிடி படத்தில் சுமார் 4.15 லட்சம். பிக்சலுக்குப் பிக்சல் அப்படியே வைத்தால், 55 அங்குலத் திரையில் டிவிடி படம் சுமார் 23 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு சட்டமாக நடுவில் நிற்கும். மீதி எல்லாம் கறுப்பு. டிவிடி படம் திரையை நிறைக்க வேண்டுமானால், நாம் பார்க்கும் ஒவ்வொரு 20 பிக்சல்களிலும் 19 பிக்சல்கள் தொலைக்காட்சி தானாகக் கணக்கிட்டு நிரப்பியவை. முழு எச்டி படத்திலேயே நான்கில் மூன்று பங்கு அப்படிப்பட்டவை. வினாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) கொண்ட நிகழ்ச்சி என்றால் வினாடிக்குச் சுமார் 50 கோடிப் பிக்சல்களை, ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடி என்ற கெடுவுக்குள் எழுதி முடிக்க வேண்டும். அப்ஸ்கேலிங் உள்ளதா இல்லையா என்பது கேள்வியே ஆகாது; நிரப்பும் கை தேர்ந்த கையா என்பதே கேள்வி.

அந்தக் கணக்கீட்டின் பழைய முறை இடைக்கணிப்பு. புதிய பிக்சலுக்கு அருகில் உள்ள பழைய பிக்சல்களைப் பார்த்து ஒரு சராசரி மதிப்பைக் கொடுப்பது. இருநேரியல் முறை 4 அண்டைப் பிக்சல்களையும், பைகியூபிக் முறை 16 பிக்சல்களையும், லான்சோஸ் முறையின் பரவலான வடிவம் 36 பிக்சல்களையும் கணக்கில் எடுக்கின்றன. அண்டை குறைந்தால் படம் மழுங்கும். அண்டை கூடி, விளிம்பைக் கூர்மையாக்கும் எடைகள் சேர்ந்தால் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை நிழல் தோன்றும். மழுங்கல், ரம்பப்பல் போன்ற விளிம்பு, வெள்ளை நிழல் ஆகிய மூன்றில் எதை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதுதான் நீண்ட காலம் இத்துறையின் பேரமாக இருந்தது.

2014இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்றே அடுக்குகள் கொண்ட ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரலுக்கு) சிறிய படத்தையும் அதன் பெரிய மூலத்தையும் இணைகளாகக் காட்டிப் பழக்கினால், அது இடைக்கணிப்பைவிட நன்றாகப் படத்தைப் பெரிதாக்கும் என்று காட்டியது. அதன் பின் வந்தவற்றின் வழித்தோன்றல்களே இன்று ஏஐ என்ற ஒட்டுத்தாளுடன் தொலைக்காட்சிகளுக்குள் வந்திருக்கின்றன. சோனி ரியாலிட்டி கிரியேஷன் என்றும், சாம்சங் ஏஐ அப்ஸ்கேலிங் என்றும், எல்ஜி சூப்பர் ரெசல்யூஷன் என்றும் பட்டியலில் பெயர் வைத்திருக்கின்றன. இவற்றுள் சில பெயர்கள் ஏஐ என்ற சொல் விற்பனைக்கு உதவத் தொடங்குவதற்கு முன்பே இருந்தவை. 2012இல் 84 அங்குல 4கே தொலைக்காட்சிகள் கடைக்கு வந்தபோது வீட்டில் போட்டுப் பார்க்க 4கே படமே ஏறக்குறைய இல்லை. 4கே புளூரே வட்டு 2016இல்தான் வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அந்தப் பெரிய திரைகள் பெரும்பாலும் அப்ஸ்கேலிங்கை நம்பியே விற்பனையாயின.

இந்த நெட்வொர்க்குகளைப் பழக்கும் முறையில் ஒரு சிறு மோசடி ஒளிந்திருக்கிறது. பழக்கும்போது நல்ல படத்தைச் சுத்தமாகச் சுருக்கி, அதைத் திரும்ப விரிக்கச் சொல்வது வழக்கம். வீட்டுக்கு வரும் படம் அப்படிச் சுத்தமாகச் சுருங்கியது அன்று. அழுத்தப்பட்டு, கட்டம் கட்டமாக உடைந்து, முன்பே ஒரு முறை யாரோ கூர்மையாக்கி, இரைச்சலுடன் வருவது. நல்ல மூலத்தில் வியக்க வைக்கும் ஒரு பெட்டி மோசமான மூலத்தில் தடுமாறுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே என்று கருதுகிறேன். என் சோதனைகளிலும் இந்தப் பிளவு தெளிவாகவே தெரிந்தது.

நல்ல மூலத்திலிருந்து தொடங்கினால், முழு எச்டி புளூரே வட்டில் இந்தத் தொலைக்காட்சிக்கு நான் தயங்காமல் பாராட்டுத் தருவேன். 1080 வரி 2160 ஆவது துல்லியமாக இரட்டிப்பு. படத்துக்கான பிட்ரேட்டும் (ஒரு வினாடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு) வினாடிக்கு 40 மெகாபிட் வரை செல்லக்கூடியது. கண்ணாடி அணிந்த ஒருவரின் முகம் திரையை நிறைக்கும் ஒரு காட்சியை நிறுத்தி, ஒரு மீட்டர் தொலைவில் நின்று பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்தின் சாய்ந்த விளிம்பில் படிக்கட்டுத் தோற்றம் இல்லை. இமை முடிகள் தனித்தனியாகப் பிரிந்தன. கன்னத்தின் தோலில் ஃபிலிமின் துகள் அப்படியே இருந்தது. துகள் இருப்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். படத்தை வழவழப்பாக்கும் பெட்டி முதலில் விழுங்குவது அதைத்தான். அதற்கடுத்து தோலின் நுண்ணமைப்பையும் விழுங்கி, முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடும். இதே படத்தின் 4கே வட்டு என்னிடம் இருந்ததால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். துணியின் நெசவிலும், தொலைவில் இருக்கும் மரத்தின் இலைகளிலும் வேறுபாடு உண்டு. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தபோது, நிறமும் ஒளியும் தவிர, கூர்மையில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

டிவிடி கதை வேறு. அது நீண்ட கதையும்கூட.

பெரிதாக்குவதற்கு முன்பே டிவிடி படத்தில் தொலைக்காட்சிக்குப் பல வேலைகள் இருக்கின்றன. முதலாவது, அதன் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. அதே 720×576 பிக்சல்கள்தான் பழைய 4:3 படத்துக்கும் அகலமான 16:9 படத்துக்கும் பயன்படுகின்றன. அகலப் படத்தைக் கிடைமட்டத்தில் 5.33 மடங்கும் செங்குத்தில் 3.75 மடங்கும் இழுக்க வேண்டும். இரண்டும் முழு எண்கள் அல்ல. இரண்டாவது, படம் இன்டர்லேஸ் முறையில் வருகிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் மற்றொரு ஃபீல்டு, ஒவ்வொன்றிலும் 288 வரிகள், வினாடிக்கு 50. ஃபிலிமில் எடுத்த படம் என்றால் இரண்டு ஃபீல்டுகளும் ஒரே ஃபிரேமிலிருந்து வந்தவை. சீப்பின் பற்களைப் போல ஒன்றில் ஒன்றைக் கோத்துவிட்டால் முழுப் படமும் திரும்பக் கிடைத்துவிடும். வீடியோ கேமராவில் எடுத்தது என்றால் இரண்டும் வெவ்வேறு கணங்கள்; கோத்தால் ஓடும் மனிதனின் கை கால்கள் பிசிறடிக்கும். எது எது என்பதைத் தொலைக்காட்சியே ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகத்தில் என் பெட்டி அவ்வப்போது சறுக்குகிறது. மெல்லிய கோடுகள் போட்ட சட்டை அணிந்த ஒருவர் நடந்து வரும் ஒரு காட்சியில், முதல் சில அடிகள் சட்டையின் கோடுகள் அசையாமல் இருந்தன. கேமரா அவருடன் சேர்ந்து திரும்பியதும் அந்தக் கோடுகள் சுமார் ஒரு வினாடி நெளிந்து மினுக்கி, பிறகு அடங்கின. அந்த ஒரு வினாடி, பெட்டி இது ஃபிலிம் என்ற நம்பிக்கையை இழந்து, பாதி வரிகளை வைத்து மீதியை ஊகித்த நேரம். பின்னால் வரும் அப்ஸ்கேலிங் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், அதன் கைக்கு 576 வரிகளுக்குப் பதில் 288 வரிகள் வந்து சேர்ந்தால் அதனால் என்ன செய்ய முடியும்? டிவிடி பிளேயரிலேயே கோத்து முழு ஃபிரேம்களாக, 576பி ஆக, அனுப்பியபோது மினுக்கல் வெகுவாகக் குறைந்தது. ஏஐ என்று விளம்பரம் பெறும் பகுதியைவிட, யாரும் விளம்பரம் செய்யாத இந்தப் பழைய பகுதியில் இந்தத் தயாரிப்பாளர் இன்னும் சற்று உழைத்திருக்கலாம்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. டிவிடி, புளூரே, இணையக் காணொளி ஆகிய அனைத்தும் நிறத்தைப் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும்தான் சேமிக்கின்றன. ஒளி 720×576 என்றால் நிறம் 360×288. அதனால் கறுப்புப் பின்னணியில் வரும் சிவப்பு எழுத்துதான் எந்த அப்ஸ்கேலிங்குக்கும் கடுமையான தேர்வு. என் பெட்டி அதில் சுமாராகத் தேறுகிறது: எழுத்தின் வடிவம் தெளிவு, சிவப்பு மட்டும் இலேசாக வழிகிறது. சாதாரண தரப் படத்துக்கும் எச்டி படத்துக்கும் நிறத்தைக் கணக்கிடும் வாய்பாடு வேறு என்பதால், பெரிதாக்கும் கருவி அதை மாற்ற மறந்தால் பச்சையும் சிவப்பும் சற்றே தடம் மாறும். செட்டாப் பாக்ஸ் பெரிதாக்கி அனுப்பிய அந்த இரண்டு வாரங்களில் இந்தக் குறையும் எனக்குப் பட்டது. தொலைக்காட்சியே செய்தபோது அது இல்லை.

இத்தனைக்கும் பிறகு நல்ல டிவிடி ஒன்று இந்தத் திரையில் பார்க்கத் தகுந்ததாகவே இருக்கிறது. மிக அருகில் எடுத்த முகங்கள் நன்றாக வருகின்றன. நெட்வொர்க்கின் கைவண்ணம் முக்கியமாகச் சாய்ந்த கோடுகளில் தெரிகிறது. வானத்தின் குறுக்கே போகும் தொலைபேசிக் கம்பிகள் பழைய பெட்டியில் படிக்கட்டுகளாக இருந்தன. இங்கே நேர்க்கோடுகளாக நிற்கின்றன. கூட்டக் காட்சிகளில்தான் அது அளவு மீறுகிறது. பின்வரிசையில் ஏழெட்டுப் பிக்சல் அளவே உள்ள ஒரு முகத்தில் கண், புருவம், நிழல் எல்லாவற்றையும் ஒரே கறுப்புத் தீற்றலாக்கி, அதன் விளிம்பைக் கத்தியால் சீவியதுபோல் கூர்மையாக்கிவிடுகிறது. மங்கலாக விட்டிருந்தால் அது தொலைவில் உள்ள ஒரு மனிதர் என்று கண் தானே புரிந்துகொண்டிருக்கும்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். குறைந்த பிட்ரேட்டில் வரும் இணையக் காணொளிக்கும், நெரிசலான அலைவரிசைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். டிவிடியில் பயன்படும் எம்பெக்-2 முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துகிறது. அதே முறையில் வரும் ஒரு சாதாரண தர அலைவரிசையில் அப்படி ஒரு கட்டம், 55 அங்குலத் திரைக்கு விரிந்தபின், சுமார் 13.5 மில்லிமீட்டர் அகலமும் 9.5 மில்லிமீட்டர் உயரமும் ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். தண்ணீர் தெறிக்கும் காட்சியிலும் புகை எழும் காட்சியிலும் அந்தப் பொத்தான்களை எண்ணவே முடிந்தது. நெட்வொர்க்குக்கு அந்தக் கட்டங்களின் ஓரமும் ஒரு விளிம்புதான். அதையும் அக்கறையோடு தீட்டிக் கொடுக்கிறது. கட்டங்களைக் குறைக்கும் அமைப்பை நடுத்தரத்தில் வைத்தால் பொத்தான்கள் கரைகின்றன, கூடவே புகையும் கரைகிறது. முழு எச்டி என்ற பெயரில் வரும் மெலிந்த படத்தைவிட, வரிகள் குறைவாக இருந்தாலும் நிறைவான பிட்ரேட் கொண்ட 720பி படம் இங்கே மேலாகத் தெரிந்த நாட்கள் உண்டு. 720 வரி 2160 ஆவதும் துல்லியமாக மூன்று மடங்குதான்.

விளையாட்டு ஒளிபரப்பில் இந்தப் பெட்டி சராசரி. 1080ஐ என்ற இன்டர்லேஸ் முறையில் வரும் போட்டிகளில் ஒவ்வொரு ஃபீல்டிலும் 540 வரிகளே இருக்கும். கேமரா அசையாமல் நிற்கும்போது புல்லின் இழைகள் தெரிகின்றன. பந்தைத் துரத்திக் கேமரா ஓடியவுடன் மைதானம் பச்சைச் சாயமாகிறது. இதில் பாதிக் குற்றம் அழுத்தத்தையும் திரையின் வேகத்தையும் சாரும். ஆனால் இன்னொன்று முழுக்கத் தொலைக்காட்சியின் குற்றம். தொழிற்சாலை அமைப்பில் அது படத்தின் நான்கு ஓரங்களையும் சிறிது வெட்டிவிட்டு மீதியை இழுத்துக் காட்டியது. பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகளின் ஓரக் கோணல்களை மறைப்பதற்காக வந்த இந்தப் பழக்கத்துக்குத் தட்டைத் திரையில் எந்த வேலையும் இல்லை. மூலையில் இருக்கும் ஆட்டக் கணக்கின் முதல் எழுத்து பாதி வெட்டுப்பட்டு நின்றதால்தான் நான் கவனித்தேன். துல்லியமாக இரட்டிப்பாக வேண்டிய படம் இதனால் இரண்டுக்குச் சற்று மேற்பட்ட ஒரு பின்னக் கணக்கில் பெரிதாகி, தேவையே இல்லாமல் மழுங்குகிறது. பட அளவை முழுப் படத்தையும் வெட்டாமல் காட்டும் நிலைக்கு மாற்றியபின் எழுத்தும் திரும்பி வந்தது, கூர்மையும் திரும்பி வந்தது.

வட்டுக்கு மாற்றி வைத்திருந்த ஒரு பழைய விஎச்எஸ் நாடாவையும் போட்டுப் பார்த்தேன். குடும்ப நிகழ்ச்சி ஒன்றில் எடுத்தது. அந்த நாடாவில் கிடைமட்ட விவரம் சுமார் 240 வரிகள்தான். நிறத்துக்கு அதிலும் மிகக் குறைவு. அமைப்புகளைத் தொடாமல் ஓட்டியபோது, நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு புள்ளியாகக் கூர்மையாகி, முகங்களின் மேல் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இரைச்சல் குறைப்பை உச்சத்துக்கு ஏற்றியதும் எறும்புகள் மறைந்தன. கூடவே என் பெரியப்பாவின் மீசையும் ஒரு தட்டையான பழுப்புப் பட்டையாகிவிட்டது. அவர் தலையைத் திருப்பியபோது அந்தப் பட்டை ஒரு கணம் தாமதித்து, முகத்தைத் தொடர்ந்து வழுக்கிச் சென்றது. முந்தைய ஃபிரேம்களோடு சேர்த்துச் சராசரி எடுப்பதன் விளைவு அது. பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா, "இது பெரியப்பா மாதிரியே இல்லையே" என்றார். எல்லாவற்றையும் அணைத்து, ஷார்ப்னஸையும் குறைத்து, நாற்காலியை ஒரு மீட்டர் பின்னுக்கு இழுத்தேன். மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் மீசை மீசையாக இருந்தது.

இந்த அமைப்புகளைத் தயாரிப்பாளர் விட்டு வைத்திருக்கும் நிலையே இந்தப் பெட்டியின் மேல் என் பெரிய வருத்தம். உள்ளே இருக்கும் கணக்கீடு தரமானது. அதன் மேல் தொழிற்சாலை அமைப்பு ஒரு பூச்சைப் பூசிவிடுகிறது. விவிட் நிலையிலும் ஸ்டாண்டர்டு நிலையிலும் ஷார்ப்னஸ் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ஷார்ப்னஸ் என்பது விவரத்தைக் கூட்டுவதில்லை. விளிம்பின் ஒரு பக்கத்தை இன்னும் கறுப்பாக்கி, மறுபக்கத்தை இன்னும் வெளுப்பாக்குகிறது. சரியான அளவைக் கண்டுபிடிக்கச் சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் கொண்ட ஒரு படத்தைப் போட்டு, கோட்டின் ஓரத்தில் வெள்ளை நிழல் மறையும் வரை எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சில தயாரிப்புகளில் 0 என்பது எதுவும் சேர்க்காத நிலை, சோனி போன்றவற்றில் அளவுகோலின் நடுவில் உள்ள 50தான் அந்த நிலை, அதற்குக் கீழே போனால் படம் வேண்டுமென்றே மழுங்கும். இத்தனையும் செய்ய மனமில்லாதவர்கள் சினிமா நிலையையோ, 2019இல் அறிவிக்கப்பட்டு இப்போது பல தொலைக்காட்சிகளில் உள்ள ஃபிலிம்மேக்கர் மோடையோ தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான பூச்சுகள் தாமாகவே கழன்றுவிடும். படம் முதலில் மந்தமாகத் தோன்றும். இரண்டு மூன்று நாள் பழகியபின் பழைய நிலைக்குத் திரும்பிப் பாருங்கள். முகங்களைச் சுற்றி யாரோ பேனாவால் வரைந்ததுபோல் தெரியும்.

உட்காரும் தொலைவு பற்றியும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். சராசரிக் கூர்மையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான விவரத்தைப் பிரித்தறியும் என்று கொள்கிறார்கள். 55 அங்குலத் திரையில் முழு எச்டி பிக்சல் ஒன்றின் அகலம் சுமார் 0.63 மில்லிமீட்டர், அது அந்தக் கோண அளவுக்குச் சுருங்குவது சுமார் 2.2 மீட்டர் தொலைவில். 4கே பிக்சல் அந்த அளவுக்குச் சுருங்குவது சுமார் 1.1 மீட்டரில். ஆகவே மூன்று மீட்டர் தள்ளி உட்காருபவருக்கு முழு எச்டி மூலத்தின் அப்ஸ்கேலிங் நன்றாக இருந்தால் என்ன, சுமாராக இருந்தால் என்ன, கூர்மையில் பெரிய வேறுபாடு தெரியாது; டிவிடியிலும் மோசமான அலைவரிசையிலும்தான் தெரியும். மாறாக, இரண்டு மீட்டருக்குள் உட்காருபவர் இந்த மதிப்பாய்வில் உள்ள ஒவ்வொரு குறையையும் தினமும் காண்பார். 8கே திரைக்குச் சுமார் 3.3 கோடிப் பிக்சல்கள் என்பதால் அங்கே 4கே படமே நான்கில் ஒரு பங்குதான். அதை வாங்குபவர் ஏறக்குறைய அப்ஸ்கேலிங்கை மட்டுமே வாங்குகிறார்.

விளையாட்டுக் கருவியை இணைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: கேம் மோடில் தாமதத்தைக் குறைப்பதற்காகக் கணக்கீட்டின் பெரும்பகுதியைப் பெட்டி விட்டுவிடுகிறது, 1080பி விளையாட்டு அங்கே சற்று மழுங்கலாகத்தான் வரும், அது நியாயமான பேரம்.

இந்த வகைத் தொலைக்காட்சி ஒன்றை வாங்க நினைப்பவர் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரப் படத்தை வைத்து அப்ஸ்கேலிங்கை எடைபோட முடியாது; அது பெரும்பாலும் 4கே தரத்திலேயே எடுத்தது, பெரிதாக்க அதில் எதுவும் இல்லை. ஒரு பென் டிரைவில் மூன்று துண்டுகளை எடுத்துச் செல்லுங்கள்: நல்ல 1080பி படத்தில் ஒரு முகம், டிவிடி தரத்தில் கேமரா நகரும் ஒரு கூட்டக் காட்சி, உங்கள் கைப்பேசியில் என்றோ எடுத்த ஒரு மங்கிய காணொளி. பெட்டியை விவிட் நிலையிலிருந்து சினிமா நிலைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, முகத்தில் தோலின் நுண்ணமைப்பு இருக்கிறதா, கூட்டத்தில் பின்வரிசை முகங்கள் முகங்களாக இருக்கின்றனவா, மூன்றாவதில் உங்களுக்குத் தெரிந்தவர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் எவ்வளவு தள்ளி உட்காருவீர்களோ, அங்கேயும் அவ்வளவு தள்ளி நின்றே பாருங்கள்.